தண்ணி வந்துச்சா தங்கச்சி?

கடந்த மாதம் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு ஏறி வந்து, கை கழுவக் குழாயைத் திறந்தேன். ஒரு வாய்க் கொப்பளிக்கும் அளவுக்கு நீர் ஒழுகியது. பின் அதுவும் நூலாய் மெலிந்து நின்றுவிட்டது. காலையில் அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அம்மா மதியமே துணி ஊறப் போட்டிருந்தார். வாளியில் சோப்பு நுரையோடு கிடந்த அந்தத் துணிகளைப் பார்த்தபடியே, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எங்கள் நண்பர்கள் நால்வர் குழுவைத் திறந்து, "தண்ணி நின்னுபோச்சு" என்று எழுதினேன். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தை அழைக்கலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பத்து நிமிடத்திற்குள் மூவரிடமிருந்தும் பதில் வந்தது. "தோங்குல எவ்வளவு இருக்கு தங்கச்சி?" என்று கேட்டார் கிள்ளான் அண்ணன்; தோங்கு என்பது நீர் பிடித்துவைக்கும் பெரிய பீப்பாய். "குடிக்கிற தண்ணிய தனியா எடுத்து வெச்சுட்டியாம்மா?" என்றார் ஈப்போ அக்கா. "அக்கா, உங்க புளோக் மட்டுமா, இல்ல தாமான் முழுசுமா?" என்பது பட்டர்வொர்த் தம்பியின் கேள்வி; தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி. மூவரில் ஒருவர்கூட "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்துடன் பேச்சு முடிந்திருக்கும். அவர்கள் கேட்டவை மூன்றும் விவரங்கள். அந்த விவரங்களைச் சொல்லச் சொல்ல, என் மனத்தில் பொங்கிக்கொண்டிருந்த எரிச்சல் அடங்கி, அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாயிற்று. இந்த நட்பைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்; அந்த மூன்று கேள்விகள்தாம் எழுத உட்கார வைத்தன.

நாங்கள் நால்வரும் இணையத்தின் வழியாக அறிமுகமானவர்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி, கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வீட்டுக்கு ஒருவர் மட்டுமே கடைக்குப் போகலாம் என்றிருந்த நாள்களில், கைப்பேசியில் தமிழில் எழுதுவது எப்படி என்று அக்கா இணையத்தில் கேட்டிருந்தார். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதி ஓய்வு பெற்றவர், தம் பழைய மாணவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்ப மனம் ஒப்பாமல் கேட்ட கேள்வி அது. பதில் சொன்னவர்கள் பலர். அவர் ழகரத்தைத் தட்டக் கற்றுக்கொண்ட பிறகும் பேச்சைத் தொடர்ந்தவர்கள் நாங்கள் மூவர்தாம். அண்ணன் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டுபவர். தம்பி பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய்வருபவன். நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். ஊர், வயது, வேலை எதிலும் ஒற்றுமை இல்லாத நாங்கள், அன்றாடம் படும் சிறு அவதிகளைப் பேசித்தான் நெருங்கினோம்.

தண்ணீர்தான் எங்கள் முதல் பெரிய பேச்சு. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, ரவாங் பகுதியில் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து சுங்கை சிலாங்கூர் வரை வந்துவிட, அந்த ஆற்றை நம்பியிருக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடவேண்டியதாயிற்று. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலுமாகச் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. இருபது வினாடி கையைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று நாடே ஓதிக்கொண்டிருந்த நேரத்தில் கழுவ நீர் இல்லை. நீரில் வாடை வரம்பை மீறினால் நிலையத்தை நிறுத்திவிடவேண்டும். ஆறு தெளிந்து வாடை நீங்கிய பிறகுதான் மறுபடி இயக்க முடியும். அதன்பிறகும் உடனே நீர் வந்துவிடாது. வறண்டு கிடக்கும் பெருங்குழாய்கள் நிரம்ப வேண்டும். நிலையத்துக்கு அருகில், தாழ்வாக உள்ள இடங்களுக்கு முதலில் போய், தொலைவிலும் மேட்டிலும் உள்ளவர்களுக்குக் கடைசியாக வரும். அடுக்குமாடிக்காரர்களுக்கு இன்னும் ஒரு காத்திருப்பு உண்டு. கீழே உள்ள தொட்டி நிரம்பி, அங்கிருந்து பம்பு வைத்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றினால்தான் வீட்டுக் குழாயில் நீர். தரை வீட்டுக்காரர்கள் குளித்து முடித்துப் பூச்செடிக்கும் ஊற்றிவிட்ட பிறகு, நாங்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு மின்தூக்கிகளில் ஒன்று பழுது. மற்றொன்றின் முன்னால் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு நின்ற வரிசை வாகன நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. நான் இரண்டு ஐந்து லிட்டர் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடியும் படியேறினேன்.

அன்றிரவு குழுவில் அதை எழுதியபோது தம்பி, "எங்க பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லக்கா, பினாங்குல தண்ணி விலையும் கம்மி" என்று பதில் போட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உள்ளங்கையில் போத்தலின் பிடி பதிந்து சிவந்திருந்த அந்த நேரத்தில், அந்த வரி என்னைச் சுட்டது. இரண்டு நாள் நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் அவன் எனக்குத் தனியாக எழுதினான். "அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எத்தனை மாடி தூக்குனீங்க?" அந்த ஒரு கேள்வியில் என் கோபம் கரைந்துபோனது. மன்னிப்பைவிட, எத்தனை மாடி என்று அறிய விரும்பினானே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதன்பின் எங்களுக்குள் ஒரு பழக்கம் தானாகவே அமைந்துவிட்டது. ஒருவர் தம் அவதியைச் சொல்லும்போது மற்றவர் தம் ஊரின் வசதியைச் சொல்வதில்லை. தம் அவதி அதைவிடப் பெரிது என்றும் சொல்வதில்லை. கேட்காமல் அறிவுரை கூறுவதில்லை. யாரோ எழுதியதை வெட்டி ஒட்டி அனுப்புவதும் கிடையாது. "இதுக்கெல்லாமா?" என்ற சொல்லை நாங்கள் முற்றாகக் கைவிட்டுவிட்டோம். அந்தச் சொல் ஒரு மனிதரின் வாயை எப்படி அடைத்துவிடுகிறது என்பதை நான் வீட்டிலும் அலுவலகத்திலும் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு சாவு என்றால் துக்கம் விசாரிக்க ஊரே வருகிறது. மருத்துவமனையில் படுத்தால் பழம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மின்தூக்கி மூன்று நாளாக ஓடவில்லை, முட்டிவலிக்கார அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக முடியவில்லை என்பதை விசாரிக்க யாரும் வருவதில்லை. ஆனால் வாழ்க்கையின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாள்களால்தான் ஆகியிருக்கிறது.

ஈப்போ அக்காவின் சோற்றுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கணவர் இறந்து ஓராண்டுகூட ஆகியிராத காலம் அது. பிள்ளைகள் வெளியூரில். ஒரு நாள் அவர் எழுதினார்: "இன்னிக்கும் சோறு மிஞ்சிப்போச்சு. நாற்பது வருசமா அஞ்சு பேருக்கு அளந்த கைக்கு ஒருத்திக்கு அளக்கத் தெரியல." கூடவே ஒரு படம். கெட்டிப்பால் வந்த பழைய டின்தான் அவர் வீட்டு அரிசிப் படி. மேல் தாள் எப்போதோ உரிந்து, விளிம்பு தேய்ந்து பளபளத்திருந்தது. அதன் உட்புறத்தில், பாதி உயரத்தில், ஆணியால் கீறிய ஒரு புதுக்கோடு. ஒருத்திக்கு அரை டின் என்று தாமே குறித்துக்கொண்ட கோடு அது. ஆனால் அரை டின் அரிசியை அந்தப் பெரிய ரைஸ் குக்கரில் போட்டால் நீர் சட்டென வற்றி, அடி தீய்ந்து, மேல்சோறு விறைத்துவிடுகிறது. முழு டின் போட்டால் மிஞ்சுகிறது. மிஞ்சிய சோற்றைக் கொட்டும்போது, வீட்டில் ஆள் இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாக அறிந்துகொள்வதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

சிறிய குக்கர் வாங்குங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "சோறாக்குற நேரம் எது அக்கா? மிஞ்சுறது எவ்வளவு, ஒரு கை அளவா, ரெண்டா?" என்று கேட்டார். இரண்டு கை அளவு என்று தெரிந்ததும், "முழு டின்னே ஆக்குங்க. ராத்திரி மிச்சத்துல தண்ணி ஊத்தி வெச்சிருங்க. எங்கம்மா ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப காலையில பால்மரம் வெட்டப் போறதுக்கு முன்ன அதத்தான் குடிப்பாங்க" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து படம் வந்தது: எவர்சில்வர் கிண்ணத்தில் பழையசோறு, மோர், கிள்ளிப் போட்ட இரண்டு சின்ன மிளகாய், உரித்த சின்ன வெங்காயம் நான்கு, தட்டின் ஓரத்தில் வறுத்த நெத்திலி. "நல்லா இருந்தது" என்று மட்டும் கீழே எழுதியிருந்தார். அதன்பின் அக்கா சோறு மிஞ்சியதாக எழுதியதே இல்லை. இரவில் நீர் ஊற்றி வைப்பது, காலையில் தமக்காக ஒன்று காத்திருப்பதுபோல் இருக்கிறது என்று பிறகு ஒருமுறை சொன்னார்.

அண்ணன் எழுதுவதைவிடக் குரல்பதிவுகள் அனுப்புவதே அதிகம். துறைமுக வாயிலில் லோரிகள் வரிசையில் நின்று, நான்கு மணிநேரம், ஐந்து மணிநேரம் நகராத இரவுகளில் அவை வரும். பின்னணியில் எஞ்சின் உறுமும். மின்னல் பண்பலையில் ஏதாவது பழைய பாட்டு மெல்ல ஒலிக்கும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பது அவருடைய தீராத மனக்குறை, நியாயமான குறை. கழிவறைக்குப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்பதற்காக நீர் குடிக்காமல் இருக்கிறார் என்பதை ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றிலிருந்து அக்கா தினமும் இரவு பத்து மணிக்கு அவருக்கு ஒரே ஒரு வரி அனுப்புகிறார்: "தண்ணி குடிச்சீங்களா?"

தம்பிக்கு மழைதான் எதிரி. பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது. பக்கக் காற்று மோட்டார் சைக்கிளை அப்படியே தள்ளும். 2019 ஜனவரி முதல் மோட்டார் சைக்கிளுக்குப் பாலக் கட்டணம் இல்லை என்பதால், வேறு வழியில் போவது அவனுக்கு வீண் செலவு. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவன் பாலத்தை விட்டுவிட்டு ஜார்ஜ்டவுன் வரை வந்து, லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்குப் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு, ஃபெரியில் வீடு திரும்புகிறான். பழைய பெரிய ஃபெரிகள் 2020 டிசம்பர் இறுதியோடு ஓய்வுபெற்றபோது அவன் எழுதியதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்பியில் நின்று பார்த்த கடலை, இனி எங்கே நின்று பார்ப்பது என்று கேட்டிருந்தான். 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நான்கு புதிய ஃபெரிகள் ஓடத் தொடங்கின. கார்களை ஏற்றுவதில்லை, ஆள்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும்தாம். அந்த வாரம் அவனிடமிருந்து வந்தது ஒரு பதினெட்டு வினாடிக் காணொளி. பேச்சு இல்லை. நீர் பிளந்து நுரைத்துப் பின்னால் போகும் காட்சியும், காற்றின் இரைச்சலும் மட்டும். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். ஆனால் வாரம் முழுதும் பட்ட அலுப்பு அதில் இறங்கிவிடுகிறது என்கிறான், நம்புகிறேன்.

பினாங்குக்கும் தண்ணீர்த் தடை வந்தது. 2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள், சுங்கை டுவா நிலையத்தில் பழைய வால்வுகளை மாற்றுவதற்காக, ஐந்து மாவட்டங்களிலும் நீரை நிறுத்தப்போவதாக முன்னரே அறிவித்திருந்தார்கள். தம்பி பதறிப்போய் எழுதினான். நான் அன்று மாலை முழுதும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: குடிக்க, சமைக்க, கழுவ, கழிவறைக்கு என நான்காகப் பிரித்து வை, கடைசி இரண்டையும் கலக்காதே. பாத்திரத்தை வாழையிலையிலோ தாளிலோ துடைத்துவிட்டுக் கழுவினால் பாதி நீர் போதும். அரிசி களைந்த நீரைக் கொட்டாதே. பெரிய தோங்கு ஒன்றை மட்டும் நம்பாதே. அதில் ஒரு கை பட்டால் அத்தனையும் அழுக்கு. சிறிய பாத்திரங்களில் மூடிவைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இதெல்லாம் நீங்க அப்ப தனியா பட்டதாக்கா?" என்று கேட்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன் சுட்ட அந்த வரியின் கடைசித் தழும்பும் அன்று மறைந்தது.

அவனை நான் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் போய் இறங்கியபோது, ஜாதிக்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நாள்தோறும் பேசுகிறவர்கள், எதிரெதிரே நின்றதும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பயணம் எப்படி, அம்மா நலமா என்று கேட்டு முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் தரையைப் பார்த்தோம். தாகத்துக்குக் குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று ஒரு பானம் விற்கும் இயந்திரத்தில் ஐந்து ரிங்கிட் நோட்டைச் செருகினேன். அது வெளியே தள்ளியது. நீவிவிட்டு மறுபடி செருகினேன், மறுபடி தள்ளியது. மூன்றாம் முறை அவன், "குடுங்கக்கா, நான் பாக்குறேன்" என்று நோட்டை வாங்கிக் கால்சட்டையில் தேய்த்துச் செருகினான். இயந்திரம் நோட்டை விழுங்கிக்கொண்டு எதையும் தரவில்லை. நாங்கள் இருவரும் அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். மாலை வரை பேச்சு நிற்கவில்லை.

அவதியைச் சொல்வதைவிடச் சின்ன மகிழ்ச்சியைச் சொல்வது கடினம் என்பதை இந்த ஐந்தாறு ஆண்டுகளில் உணர்ந்திருக்கிறேன். அவதிக்கு ஆள் கிடைத்துவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஐந்து மணி மழைக்கு முன் கடைசித் துணியையும் எடுத்துவிட்டேன் என்பதை? பீசாங் கோரேங் என்னும் வாழைப்பழப் பொரியல் விற்பவர் தட்டில் உதிர்ந்து கிடந்த மொறுமொறு மாவை அள்ளிச் சேர்த்துக் கொடுத்தார் என்பதை? என் கறிவேப்பிலைச் செடி, தொட்டி மாற்றியதும் இலை அத்தனையையும் உதிர்த்துவிட்டு மூன்று மாதம் குச்சியாக நின்றது. பிடுங்கிவிடலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். ஒரு ஞாயிறு காலை, குச்சியின் கணுவில் ஒரு நெல்மணி அளவுக்குச் செம்பழுப்பாய் ஏதோ தெரிந்தது. நகத்தால் தொடக்கூட அஞ்சிக் குனிந்து பார்த்தேன். மடித்த நான்கைந்து இலைகள், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அக்கா, "எந்தக் கணுவில், மேலிருந்து எத்தனாவது?" என்று கேட்டார். மூன்றாவது என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் இப்போது அவர் அந்த மூன்றாவது கணுவை விசாரிக்கிறார்.

கடந்த மாதத் தடை மூன்று நாள் நீடித்தது. மூன்றாம் இரவு, சமையலறைத் தொட்டியில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் நேர்மேலே குழாயைச் சற்றுத் திறந்துவிட்டுப் படுத்தேன். இது 2020-இல் நானே கண்டுகொண்ட வழி. நீர் விழுந்தால் தட்டு எழுப்பிவிடும். விடியற்காலை இரண்டு நாற்பதுக்குக் குழாய் இருமியது. இரண்டு முறை காற்றைக் கக்கிவிட்டு, மூன்றாவதில் தட்டு கணீரென்றது. ஓடிப்போய்க் குழாய்முனை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, தே-ஓ எனும் பாலில்லாத தேநீரின் நிறத்தில் வந்த கலங்கலை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஒதுக்கினேன். நிறம் மெல்ல வெளுத்து, பின் தெளிந்தது. குழுவில் "வந்துருச்சு" என்று எழுதினேன். தூங்குகிறவர்கள் காலையில் பார்க்கட்டும் என்றுதான்.

அடுத்த நிமிடமே அண்ணனின் குரல்பதிவு. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், "எல்லாத்தையும் ரொப்பி வெச்சுரு தங்கச்சி, மறுபடி நின்னாலும் நிக்கும்" என்றார். ஐந்து மணிக்கு அக்கா, "கலங்கல் போச்சாம்மா?" என்று கேட்டிருந்தார். ஆறரைக்குத் தம்பி, பாலத்தில் ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்தி எழுதியிருக்க வேண்டும்: "அக்கா, குளிச்சீங்களா?"

குளிச்சேன் தம்பி, தலைக்கு ஊத்தி என்று எழுதிவிட்டு, ஈரத்தலையோடு அம்மாவின் துணிகளை அலசப் போனேன்.